டியூஷன் மையம் நடத்துபவர்களுக்கு ஒரு மணி நேரச் சட்ட ஆலோசனை: போய்ப் பார்த்ததில் கிடைத்தது

கோலாலம்பூர், செந்தூலில் டியூஷன் மையம் நடத்துகிறேன். ஆண்டு ஒன்று முதல் படிவம் ஐந்து வரை பிள்ளைகள் வருகிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண் வழக்கறிஞர், எங்களைப் போன்ற சின்ன மையங்களுக்கும் பாலர் பள்ளிகளுக்கும் ஒரு மணி நேர ஆலோசனை தருகிறார். கட்டணம் 350 வெள்ளி. நம்முடைய பதிவுப் படிவத்தைப் படித்துத் திருத்திக் கொடுப்பதும் அதில் அடக்கம். பெயர் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

நான் அங்கே போகக் காரணம் ஓர் அமெரிக்க வழக்கு. 2023 ஜனவரியில், வர்ஜீனியா மாநிலத்தின் நியூபோர்ட் நியூஸ் நகரில், ரிச்நெக் தொடக்கப்பள்ளியில் ஆறு வயதுப் பையன் ஒருவன் வகுப்பிலேயே தன் ஆசிரியையைச் சுட்டான். ஆசிரியை உயிர் பிழைத்தார். 2025 நவம்பரில் ஜூரி அவருக்கு 1 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. கொடுக்க வேண்டியவர் அந்தப் பள்ளியின் முன்னாள் துணைத் தலைமையாசிரியர். துப்பாக்கி அவருடையது இல்லை. ஆனால் பையனிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று அன்றைக்கே எச்சரிக்கை வந்தும் அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் வழக்கு. அந்தத் தீர்ப்புக்கு முந்தைய மாதம்தான் இங்கே பண்டார் உத்தாமாவில், பள்ளிக்குள்ளேயே ஒரு மாணவி கத்தியால் குத்திக் கொல்லப்பட்டாள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது என் மையத்தின் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். "வளாகத்தில் நேரும் எந்தச் சம்பவத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற வரி. பல மையங்களில் இதே வரிதான் இருக்கிறது.

அந்த வரியிலிருந்துதான் வழக்கறிஞர் ஆரம்பித்தார். "டீச்சர், இந்த வரியை நம்பித் தூங்காதீங்க" என்றார். 2018-இல் ஒரு வங்கி வழக்கில் நம் கூட்டரசு நீதிமன்றம், எந்தப் பொறுப்பும் இல்லை, வழக்கே போட முடியாது என்று ஒரேயடியாகக் கதவை அடைக்கும் ஒப்பந்த வரி 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின்படி செல்லாது என்று தீர்ப்பளித்திருக்கிறதாம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலும் நியாயமற்ற ஒப்பந்த வரிகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. சரி, வரியை எடுத்துவிட்டால் எதை வைத்து நிற்பது என்று கேட்டேன். அந்த மணி நேரத்தில் பாதி இந்தக் கேள்விக்கே போனது. கொடுத்த பணத்துக்கு மதிப்பு அங்கேதான்.

அமெரிக்க வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று மட்டும் பார்க்கச் சொன்னார். 2021-இல் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் ஒரு மாணவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அன்று காலையில்தான் அந்தப் பையன் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டுப் பள்ளி பெற்றோரை அழைத்திருக்கிறது. அவர்கள் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை, பள்ளியும் பையைச் சோதிக்கவில்லை. துப்பாக்கி அவனுக்காக வாங்கியது என்பது பெற்றோருக்குத் தெரியும், அதை அங்கே சொல்லவில்லை. 2024-இல் தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கு 10 முதல் 15 ஆண்டு சிறை. பள்ளி மேல் போட்ட வழக்கை மட்டும், அரசு அமைப்பு மேல் எளிதில் வழக்குப் போட முடியாது என்ற விலக்குரிமையைக் காட்டி மாநில நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2018-இல் ஃபுளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் இறந்தார்கள். எஃப்பிஐக்கு முன்கூட்டியே வந்த தகவலைத் தொடர்ந்து விசாரிக்காமல் விட்டதால் அமெரிக்க நீதித்துறை 12.75 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. துப்பாக்கி செய்தவர் மேல் வழக்குப் போடுவது அங்கே கடினம், 2005 சட்டம் அவர்களுக்குக் கவசம். அப்படியும் சாண்டி ஹூக் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் உறவுகளை இழந்த குடும்பங்கள், துப்பாக்கி நிறுவனம் விளம்பரம் செய்த விதத்தைப் பிடித்துக்கொண்டு போய், 2022-இல் 7.3 கோடி டாலர் பெற்றன.

"இங்கே துப்பாக்கி இல்லையே மேடம்" என்றேன். இங்கே ஆயுதச் சட்டம் மிகக் கடுமை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் நீதிமன்றம் கேட்கும் கேள்வி ஆயுதத்தைப் பற்றியது இல்லை என்று சொல்லி, நம் நாட்டு வழக்குகள் இரண்டை எடுத்தார். 1977 தீர்ப்பு ஒன்றில், வகுப்பில் ஒரு பையன் இன்னொருவனைக் குத்த, அவன் திரும்பியதில் பென்சில் முனை கண்ணில் பட்டது. இதை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் பள்ளியை விடுவித்தது. 1981 தீர்ப்பு ஒன்றில், தோட்டப் பாடத்தில் ஒரு மாணவனின் மண்வெட்டி இன்னொருவன் மேல் பட்டது. கருவியை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது என்று ஆசிரியர் சொல்லித்தரவில்லை, கவனிக்கவும் இல்லை. எனவே பள்ளித் தரப்புதான் பொறுப்பு. எதிர்பார்த்திருக்க முடியுமா, தெரிந்த பிறகு என்ன செய்தாய் என்பதைத்தான் இரண்டிலும் கேட்டார்கள்.

அதனால் அவர் முக்கியமாகத் திருத்தியது என் படிவத்தை இல்லை, என் வழக்கத்தை. ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைப் பற்றி ஏதாவது சொன்னால் தேதி, நேரம், யார் சொன்னது, நான் யாருக்குப் போன் செய்தேன் என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். வாட்சாப்பில் பெற்றோர் அனுப்பும் புகாரையும் அதில் சேர்க்க வேண்டும். எவ்வளவு காலம் வைத்திருப்பது? தனியார் மையம் மேல் அலட்சிய வழக்குக்குப் பொதுவாக ஆறு ஆண்டு, பிள்ளைக்கு அது 18 வயதிலிருந்துதான் எண்ணப்படும். ஆக, ஒன்பது வயதுப் பிள்ளையின் பதிவை 24 வயது வரை வைத்திருக்க வேண்டும். அரசுப் பள்ளி என்றால் 1948 பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம்தான். பெற்றோராகவும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பிறர் தவறால் பிள்ளையை இழந்த பெற்றோருக்கு நம் சட்டம் துயர இழப்பீடாக வைத்திருப்பது 30,000 வெள்ளி. 2019-க்கு முன் அது 10,000. அவர் அந்தத் தொகையைச் சொன்னபோது எனக்குப் பேச்சே வரவில்லை. இதை மாற்றச் சொல்லி நம் சங்கங்கள் மனுக் கொடுக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

பகுதி நேர ஆசிரியர்களுக்குச் சொக்சோ (ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டுகிறேனா என்றும் கேட்டார். ரிச்நெக் வழக்கில், இது வேலையில் நேர்ந்த காயம், தொழிலாளர் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பள்ளித் தரப்பு வாதாடி, நீதிபதி அதை ஏற்கவில்லை. இங்கே 1969 ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு வேறு விதம்: சொக்சோவில் உள்ள ஊழியர் வேலைக் காயத்துக்குப் பொதுவாக முதலாளி மேல் வழக்குப் போட முடியாது. 

குறைகளும் உண்டு. திருத்திய படிவமும் சுருக்கக் குறிப்பும் ஆங்கிலத்தில் மட்டுமே வந்தன. எங்கள் பெற்றோர் பாதிப் பேருக்குத் தமிழிலோ மலாயிலோ கொடுத்தால்தான் புரியும். கேட்டதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். காப்புறுதி பற்றிக் கேட்டால் அது என் துறை இல்லை என்று நிறுத்திக்கொண்டார். தெரியாததைத் தெரிந்தது போல் பேசாதது நல்லதுதான், ஆனால் யாரிடம் கேட்கலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். அலுவலகம் கடைவீட்டின் மாடியில், லிஃப்ட் இல்லை. கார் நிறுத்த இடம் கிடைக்காது, கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்துவிடுங்கள்.

போகிறவர்கள் பதிவுப் படிவம், ஆசிரியர்களின் நியமனக் கடிதம், இதுவரை வந்த புகார்கள் மூன்றையும் கையோடு கொண்டு போங்கள். இல்லாவிட்டால் முதல் கால் மணி நேரம் அதைக் கேட்பதிலேயே போய்விடும். தனியாகப் போவதை விட இரண்டு மூன்று மையக்காரர்கள் சேர்ந்து போகலாம், அதற்கு அவர் சம்மதிக்கிறார், கட்டணமும் அதிகமாகாது. தமிழ்க் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். இப்போதைக்கு நான்கு.