ட்ரையல்ஸ் பைக் பிரேக்: ரிம்மைப் பிடிப்பதா, டிஸ்க்கைப் பிடிப்பதா?

பாறை, பலகை அடுக்கு என்று தடைகள் மேல் கால் ஊன்றாமல் தாவி ஏறும் சைக்கிள் விளையாட்டுதான் ட்ரையல்ஸ். புது ட்ரையல்ஸ் பைக் வாங்கப் போகிறவர் ஃபிரேமின் எடையைப் பார்ப்பார், பெடலைத் தாங்கும் கிராங்கைப் பார்ப்பார், நிறத்தைப் பார்ப்பார். பிரேக்கைக் கடைசியில்தான் பார்ப்பார். என்னைக் கேட்டால் பிரேக்கை முதலில் பார்த்துவிட்டு மற்றதற்குப் போகச் சொல்வேன். எடையில் 200 கிராம் கூடினால் பழகிக்கொள்ளலாம். பூட்டாத பிரேக்கோடு பழகவே முடியாது.

சாதாரண சைக்கிளில் பிரேக் என்பது ஓடுகிற வண்டியை நிறுத்த. ட்ரையல்ஸில் வண்டி ஓடுவதே கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் பாறை நுனியிலோ பலகை அடுக்கின் விளிம்பிலோ, சக்கரம் அசையாமல் நிற்பதுதான் வேலை. பின் சக்கரத்தில் மட்டும் நின்று தாவும்போது என்ன நடக்கிறது என்று மனதுக்குள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு விரல் லிவரை அழுத்திச் சக்கரத்தைப் பூட்டியிருக்கிறது. உடம்பு பின்னால் சாய ஆரம்பிக்கிறது. விரல் விடுகிறது, கால் பெடலை ஒரு வெட்டு மிதிக்கிறது, சக்கரம் ஒரு சாண் முன்னால் போகிறது, விரல் மறுபடி பூட்டுகிறது. எல்லாம் ஒரு நொடிக்குள். பூட்டுவது சற்றே தாமதமானாலோ, பூட்டிய பிறகு சக்கரம் துளி வழுக்கினாலோ, கால் தரையைத் தொடும். போட்டியில் அது பெனால்டி.

ஆகவே மற்ற சைக்கிள் விமர்சனங்களில் வரும் 'மென்மையாக வேகத்தைக் குறைக்கிறதா' என்ற கேள்விக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. தொட்டதும் பூட்ட வேண்டும், விட்டதும் முழுதாக விட வேண்டும், பூட்டிய பின் முன்னேயும் பின்னேயும் ஆடக்கூடாது, இதெல்லாம் ஒரு விரலின் பலத்தில் நடக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் களத்தில் மிஞ்சுவது இரண்டு பேர்தான்: எண்ணெய் அழுத்தத்தில் சக்கரத்தின் வெளி வளையத்தை (ரிம்) பிடிக்கும் ரிம் பிரேக், அதே எண்ணெய் அழுத்தத்தில் சக்கரத்தின் நடுவில் மாட்டிய தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக். கேபிளில் இயங்கி ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக்கும் கேபிள் டிஸ்க்கும் ஆரம்ப நிலை வண்டிகளில் வருகின்றன. சமநிலை பழக அவை போதும். அதற்கு மேல் போனால் விரல் வலிதான் மிச்சம்.

ரிம் பிரேக் என்றதும் ட்ரையல்ஸ்காரர்கள் சொல்லும் பெயர் மகுரா நிறுவனத்தின் ஹெச்எஸ்33. ரிம்மின் இரு பக்கமும் ஆளுக்கொரு சிலிண்டர், லிவரை அழுத்தினால் இரண்டும் பேடை, அதாவது ரிம்மில் உராயும் கட்டையை, நேராக உள்ளே தள்ளும். ட்ரையல்ஸ் ஃபிரேம்களில் இந்தச் சிலிண்டர்களைப் பிடிக்க நான்கு போல்ட் கொண்ட தனி இடமே இருக்கும். இதன் பெரிய பலம் பிடிக்கும் இடம். சக்கரத்தின் வெளி விளிம்புக்கு மிக அருகில் பிடிப்பதால் நெம்புகோல் கணக்கு இதற்குச் சாதகம். ஸ்போக்ஸுக்கோ சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்புக்கோ இங்கே வேலையில்லை. பூட்டினால் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ரிம் மட்டும்தான். அந்த உறுதி காலுக்கே தெரியும்.

ஆனால் கடையிலிருந்து வந்தபடியே இது அப்படிப் பிடிக்காது. வழுவழுப்பான அலுமினிய ரிம்மில் பேட் வழுக்கும், ஈரமானால் இன்னும் மோசம். அதனால் ஆங்கிள் கிரைண்டரை எடுத்து, ரிம்மின் பக்கச் சுவரில் நெருக்கமான கீறல்களைப் போடுகிறார்கள். கையால் தடவினால் அரம் மாதிரி சொரசொரக்கும். இதற்குப் பிறகு அதே பிரேக் ஆளே மாறிவிடும். பேட் கடிக்கும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும், அது வேறு விஷயம். இதற்கு விலையும் உண்டு. கீறல்கள் தேயத் தேயப் பிடி தளரும், மறுபடி கிரைண்டர் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ரிம் கொஞ்சம் மெலியும், பேடும் வேகமாகக் கரையும். புத்தம் புது வண்டியின் ரிம்மில் கிரைண்டர் வைக்க மனசு வராதவர்களை நிறையப் பார்க்கலாம். மனசைக் கல்லாக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு தொல்லை, சிலிண்டர்கள் உள்ளே தள்ளும் அதே விசை ஃபிரேமின் பின் குழாய்களை வெளியே தள்ளுவது. குழாய் விரிந்தால் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கும். அதைத் தடுக்கத்தான் குதிரை லாட வடிவில் பூஸ்டர் என்று ஒரு தகடு போடுகிறார்கள். பேட் ரிம்மில் முழு முகமாகப் படிகிறதா என்பதும் முக்கியம். ஒரு ஓரம் மட்டும் தொட்டால் எவ்வளவு நல்ல பேட் போட்டாலும் பயனில்லை. நான்கு போல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி இறுக்கி இதைச் சரி செய்யப் பொறுமை வேண்டும்.

டிஸ்க்குக்கு வருவோம். இங்கே கணக்கு கொஞ்சம் சுவாரசியமானது. 26 அங்குலச் சக்கரத்தில் 160 மில்லிமீட்டர் ரோட்டாரை, அதாவது பேட் பிடிக்கும் வட்டத் தகட்டை, எடுத்துக்கொண்டால், பேட் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து சுமார் 72 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். டயர் தரையைத் தொடும் இடமோ ஏறத்தாழ 340 மில்லிமீட்டர் தள்ளி. அதாவது தரையில் உருவாகும் விசையைப் போல நாலரை மடங்குக்கும் மேலான உராய்வை அந்தச் சின்ன பேட் தாங்க வேண்டும். ரிம் பிரேக்குக்கு இதே கணக்கு ஒன்றேகால் மடங்கு. எண்ணெய் அழுத்தமும் பேடின் கலவையும்தான் இந்தப் பள்ளத்தை நிரப்புகின்றன.

இதே ரோட்டாரை 20 அங்குல வண்டியின் முன் சக்கரத்தில் போடுங்கள். டயரோடு சேர்த்து அச்சிலிருந்து தரைக்கு 250 மில்லிமீட்டர்தான். மூன்றரை மடங்கோடு முடிந்துவிடுகிறது. 26 அங்குல வண்டியில் அந்த நிலையை எட்ட 203 மில்லிமீட்டர் ரோட்டார் வேண்டும். ஆகவே '160 போதுமா' என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. 20-க்குப் போதும், 26-க்கு, அதிலும் பின் சக்கரத்துக்கு, 180-க்குக் குறைந்து வாங்காதீர்கள்.

ஹோப் நிறுவனம் ட்ரையல் ஸோன் என்ற பெயரில் ட்ரையல்ஸுக்கென்றே டிஸ்க் பிரேக் செய்தது. போட்டி ஓட்டுநர்களிடையே டிஸ்க் பரவியதற்குக் காரணம் எளிது: ரிம் அடிபட்டாலும் பிரேக் மாறாது. பின் சக்கரத்தை விளிம்பில் இறக்கும் விளையாட்டு இது. ரிம் நசுங்காமல் தப்பாது. ரிம் பிரேக்கில் அந்த நசுங்கல் வரும்போதெல்லாம் பேட் முட்டும், ஒரு இடத்தில் பிடிக்கும், இன்னொரு இடத்தில் விடும். டிஸ்க்குக்கு அந்தக் கவலை இல்லை, கிரைண்டரும் வேண்டாம். மழையிலும் சேற்றிலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

குறை? பூட்டிய பின் ஒரு 'டக்'. பேட் ரோட்டாரை இறுகப் பிடித்திருந்தாலும், பேடைத் தாங்கும் கேலிப்பருக்குள் பேடே முன்னும் பின்னும் நகர மயிரிழை இடம் இருக்கும். அதோடு ஸ்போக்ஸின் முறுக்கமும் சேரும். சமநிலை மாறும்போது சக்கரம் அந்த மயிரிழை அளவு ஆடும். பெரும்பாலானவர்கள் இதை விரைவில் மறந்துவிடுவார்கள். ஆனால் ரிம் பிரேக்கில் பழகியவருக்கு முதலில் இது எரிச்சலாகத்தான் இருக்கும். மிதித்தால் கவ்வி, மிதிக்காதபோது சும்மா சுற்றும் ஃப்ரீவீலும் இதோடு கைகோக்கும். ட்ரையல்ஸ் பைக்கில் பெரும்பாலும் அது கிராங்க் பக்கம் இருக்கும். 72 இடங்களில் கவ்வும் ஃப்ரீவீல் என்றால் மிதி பிடிபடுவதற்குள் பெடல் 5 டிகிரி வரை சும்மா சுற்றலாம், 108 என்றால் சுமார் 3 டிகிரி. பிரேக்கின் ஆட்டமும் ஃப்ரீவீலின் ஆட்டமும் சேர்ந்துதான் வண்டி 'தொளதொள' என்று இருப்பதாகத் தோன்றுகிறது. பிரேக்கை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

டிஸ்க்கின் உண்மையான எதிரி எண்ணெய். செயினுக்கு அடித்த ஸ்பிரே ரோட்டாரில் பட்டால் போச்சு, பேடை மாற்றுவதே பல சமயம் ஒரே வழி. 20 அங்குல வண்டியில் ரோட்டார் தரைக்கு அருகே இருப்பதால் பாறையில் இடித்து வளையவும் செய்யும்.

புது வண்டியை எடுத்த அன்றே 'இந்த டிஸ்க் பிடிக்கவே இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள். பேடும் ரோட்டாரும் ஒன்றோடொன்று படிய வேண்டும். அதற்கு வேகமாக ஓட்டி, திரும்பத் திரும்பப் பிடித்து விட வேண்டும். முன்னால் 18, பின்னால் 12 பல் உள்ள கியரில், உட்கார இடமில்லாத வண்டியில் எங்கே வேகம் பிடிப்பது? ஒரு சரிவைத் தேடிப் போய், லேசாக பிரேக்கைப் பிடித்தபடி இறங்குங்கள். முன்னும் பின்னும் தனித்தனியாக. கீழே வரும்போது வாசனை மாறியிருக்கும், பிடியும் மாறியிருக்கும்.

பராமரிப்பில் ரிம் பிரேக் சாது. மகுராவில் இருப்பது மினரல் ஆயில். கையில் பட்டாலும் பெயின்டில் பட்டாலும் பெரிய கேடில்லை. லிவர் லேசாக இருக்க வேண்டும் என்று அதில் தண்ணீர் நிரப்புகிறவர்களும் உண்டு. ட்ரையல்ஸில் பிரேக் சூடாவதே இல்லை என்பதால் அது கொதிக்காது, ஆனால் உள்ளே அரிக்கும், குளிரில் உறையும். புது வண்டியில் அந்த விளையாட்டு வேண்டாம். ஹோப் போன்றவற்றில் டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவம். அது பெயின்டைத் தின்னும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அவ்வப்போது மாற்றியாக வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல் கெடும்.

என் தேர்வு இதுதான். 26 அங்குலம் என்றால் இரண்டு பக்கமும் டிஸ்க், பின்னால் பெரிய ரோட்டார். 24 அங்குலத் தெரு ட்ரையல்ஸ் வண்டிக்கும் அதுவே. 20 அங்குலத்தில் முன்னால் டிஸ்க், பின்னால் கீறல் போட்ட ரிம்மோடு ரிம் பிரேக். கிரைண்டரையும் அதன் சத்தத்தையும் சகிக்க முடியாதவர் பின்னாலும் டிஸ்க் போட்டுக்கொள்ளட்டும், தோற்றுப்போக மாட்டார். தீர்மானிக்க முடியவில்லை என்றால், பின்பக்கம் நான்கு போல்ட் இடமும் டிஸ்க் மாட்டும் இடமும் இரண்டும் உள்ள ஃபிரேமைத் தேடுங்கள். ஹப்பும் ரோட்டார் ஏற்கும் ஹப்பா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பிறகு சக்கரத்தையே பிரித்துக் கட்ட வேண்டி வரும்.