சிரிக்கும் மாஸ்க்கோடு துக்க வீட்டுக்குப் போன கதை

2021 மார்ச்சில் தங்கச்சி கல்யாணத்துக்காகத் துபாயிலிருந்து மதுரைக்குப் போயிருந்தேன். 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் கொரோனா பரிசோதனை, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவம், அதெல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. சொல்ல வந்தது மாஸ்க் கடைகளைப் பற்றி.

அப்போது துபாயில் மாஸ்க் இல்லாமல் மாட்டினால் அபராதம் 3,000 திர்ஹாம், நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 60,000 ரூபாய் என்பதால் எல்லார் முகத்திலும் அதே நீல நிற சர்ஜிகல் மாஸ்க்தான் இருந்தது. மதுரையில் அப்போது அபராதம் 200 ரூபாய். அதனாலோ என்னவோ, மாஸ்க் கிட்டத்தட்ட ஒரு நகை மாதிரி ஆகியிருந்தது. மாசி வீதியில் ஒரு தள்ளுவண்டியில் முறுக்கு மீசை, புலி வாய், ஜல்லிக்கட்டுக் காளை எல்லாம் கயிற்றில் தொங்கின, தேர்தல் நேரம் வேறு, உதயசூரியனும் இரட்டை இலையும் சண்டை போடாமல் பக்கத்துப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தன. விலை 30 ரூபாய். "போட்டுப் பாருங்கண்ணே" என்று கண்ணாடியை நீட்டினார் கடைக்காரர். எனக்கு முன்னால் வந்தவர் மூன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, எதுவும் பிடிக்காமல் மறுபடி கயிற்றிலேயே மாட்டிவிட்டுப் போனார்! நான் கண்ணாடியை வாங்கவே இல்லை.

ஆனால் மச்சான் விடவில்லை. ஸ்டூடியோவில் நம் மூக்கு, வாய், தாடையைப் படம் எடுத்து மாஸ்க்கிலேயே அச்சடித்துத் தருகிறார்களாம், போட்டால் போடாத மாதிரியே இருக்குமாம். 80 ரூபாய், அரை மணி நேரம். அந்த அச்சு பாலியஸ்டரில்தான் ஏறுமாம், துணியும் ஒரே அடுக்கு, மதுரை வெயிலுக்குப் பத்தே நிமிடத்தில் ஈரம். போட்டுக்கொண்டு லைட்டரை ஊதிப் பார்த்தேன், சுடர் பட்டென்று அணைந்தது. காற்று அவ்வளவு தாராளமாக வெளியே போகிறது என்று அர்த்தம்.

அதைவிட மோசம், ஸ்டூடியோக்காரர் சொன்னபடி பல் தெரியச் சிரித்துவிட்டிருந்தேன். மறுநாள் தூரத்து உறவில் ஒரு துக்க வீடு. அவசரத்தில் அதையே மாட்டிக்கொண்டு போனேன். "ஏண்டா, இழவு வீட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே வர்ற?" என்றார் பெரியப்பா. வாயை மூடின மாதிரி ஒன்று கிடைக்குமா என்று ஸ்டூடியோவில் கேட்டால், "புது ஃபோட்டோ எடுக்கணும்ணே, இன்னொரு 80 ரூபா."

உருப்படியான சேவை கிடைத்தது மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தில். தூண்களுக்கு நடுவே தையல் மிஷினோடு உட்கார்ந்திருந்த ஒரு வயசான டெய்லர், மூக்கு மேட்டிலிருந்து தாடை வரை டேப் வைத்து அளந்து, "மூணு மடிப்பா வச்சுத் தர்றேன் தம்பி, உள்ள பருத்தி" என்றார். வெளிப்பக்கத்துக்குத் தங்கச்சியின் பட்டு ரவிக்கைத் துணியில் மிஞ்சியதைக் கொடுத்தோம். ஒன்றுக்குக் கூலி 40 ரூபாய், சாயங்காலமே பன்னிரண்டு மாஸ்க் தயார். கல்யாணத்தில் ஃபோட்டோகிராபர் எல்லாரையும் கழற்றச் சொல்லிவிட்டார் என்பது வேறு விஷயம். மிச்சமான நான்கைத் துபாய்க்குக் கொண்டுவந்தேன். மூக்குக் கம்பி மட்டும் ரெண்டு துவைப்பிலேயே துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டது.