ஒரு சாண் நீளத்தில் மூன்று ஜெர்மன் கார்கள்

உண்மையான கார் வாங்க வசதியில்லாதவன் எழுதும் விமர்சனம் இது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்பலப்பிட்டியில் ஒரு மாடிக் கடையில் போன மாதம் 1:18 அளவு, அதாவது அசலில் பதினெட்டில் ஒரு பங்கு, மொடல் கார்கள் மூன்று வாங்கினேன்: மெர்சிடிஸ் 300 எஸ்எல், பிஎம்டபிள்யூ 2002 டர்போ, பழைய போர்ஷே 911. என்ன விலை என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

மூன்றையும் மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒன்று பட்டது. இந்தக் கார்களில் நாம் அழகு என்று வாய் பிளந்து பார்ப்பதில் பாதி, செய்தவர்கள் வேறு வழியில்லாமல் செய்தது. மொடல் நல்லதென்றால் அந்த இக்கட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும். என் புள்ளிகள் அதற்குத்தான்.

300 எஸ்எல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1954இல் நியூயோர்க் கண்காட்சியில் வந்தது, அதற்கு இரண்டு வருடம் முன்பு லு மான் பந்தயத்தில் வென்ற காரின் வழியில் செய்தது. மெல்லிய குழாய்களைப் பின்னிச் செய்த கூடு, பாரம் குறைவு, ஆனால் உறுதிக்காகப் பக்கக் குழாய்கள் உயர்ந்து நின்றதால் சாதாரணக் கதவு வைக்க இடமே இல்லை. அதனால்தான் கதவு கூரையோடு சேர்ந்து மேலே தூக்குகிறது, பறவை சிறகு விரிக்கிற மாதிரி. எஞ்சினும் அப்படித்தான், பொன்னட்டைத் தாழ்த்த வேண்டும் என்று அதை 50 பாகை இடப்பக்கம் சரித்து வைத்தார்கள். என் மொடலில் பொன்னட்டைத் திறந்தால் அந்தச் சரிவு அப்படியே தெரிகிறது, கதவைத் தூக்கினால் முழங்கால் உயரத்துக்கு நிற்கும் அந்தப் பக்கச் சுவரும் தெரிகிறது. ஏறி இறங்குவதற்காக அசல் காரின் ஸ்டியரிங் மடியும், மொடலில் மடியவில்லை, அதற்கு அரைப் புள்ளி குறைத்தேன். இன்னொன்று, அசல் காரில் ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி இறக்க முடியாது. சித்திரை வெயிலில் வெள்ளவத்தைச் சந்தி நெரிசலில் நின்றால் உள்ளே இருப்பவர் பிட்டாக அவிந்துபோவார். இந்தச் சிறகுக் கதவு வைத்த, கூரை மூடிய கார் 1,400தான் செய்தார்கள், பின்னால் வந்த திறந்த காரில் கதவும் சாதாரணம், அதைப் பற்றி எழுத எனக்கு ஆசையும் இல்லை.

2002 டர்போ வேறு சங்கதி. 1973 செப்டெம்பரில் பிராங்பேர்ட்டில் காட்டினார்கள், அடுத்த மாதமே எண்ணெய் நெருக்கடி. 170 குதிரைவலுவும் பெற்றோல் குடிக்கும் டர்போவும் வைத்த காரை அந்த நேரத்தில் யார் வாங்குவது? 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீட்டர் அடித்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மொத்தம் 1,672 கார்களோடு 1975இல் கதை முடிந்தது. காட்சிக்கு வைத்த காரின் முன் பம்பருக்குக் கீழே பெயரை இடம் வலம் மாற்றி, அதாவது கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள், முன்னால் போகிறவர் பார்த்து வழி விட வேண்டுமாம். திமிர் பிடித்த வேலை என்று ஜெர்மனியிலேயே திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். என் மொடலிலும் அந்த எழுத்து அப்படியே இருக்கிறது. கடைத் தம்பி அதை அச்சுப் பிழை என்று நினைத்து 2,000 ரூபாய் குறைத்தார், நான் வாயே திறக்கவில்லை. அதற்குப் பதிலாகவோ என்னவோ, வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்து கிடந்தது. மாற்றித் தர முடியாது என்றுவிட்டார்கள். கடையிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள்.

911ஐப் பற்றி என்னைவிட அப்பாவுக்குச் சொல்ல அதிகம் இருந்தது. எங்கள் வீட்டில் முன்பு ஸ்ரீ நம்பர் வொக்ஸ்வேகன் பீட்டில் ஒன்று இருந்தது, அதற்குச் சாமான் தேடி அவர் பஞ்சிகாவத்தையில் கழித்த சனிக்கிழமைகள் ஏராளம். பீட்டிலை வடிவமைத்தவர் பேர்டினண்ட் போர்ஷே, 911க்கு உருவம் கொடுத்தவர் அவருடைய பேரன். 1963இல் 901 என்ற பெயரில் காட்டினார்கள், நடுவில் பூச்சியம் வைத்த எண் எங்களுடையது என்று பேஜோ சண்டைக்கு வர, 911 ஆனது. பின்னால் எஞ்சின், காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர், 130 குதிரைவலு. பின்பாரத்தால் வளைவுகளில் வால் வீசியது, அதற்காக முன் பம்பருக்குள் இரும்புக் கட்டி வைத்துப் பார்த்தார்கள், பிறகு சில்லுகளுக்கிடையிலான தூரத்தையே கூட்டினார்கள். எஞ்சினை முன்னால் கொண்டுவர மட்டும் மனம் வரவில்லை. காற்றால் குளிரும் எஞ்சின் 1998 வரை ஓடியது. என் கணக்கில் மூன்றில் பெரியது இதுதான். மற்ற இரண்டும் வந்து போயின, இது அதே பிடிவாதத்தோடு இன்றும் விற்கிறது.

அப்பா பின் மூடியைத் திறந்து மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தம்பி, இது எங்கட வொக்ஸ்வேகன்ர சொந்தக்காரனெல்லோ! பெல்ட் அறுந்தா இதுவும் ரோட்டில நிக்கும்."

மொடலில் அந்தப் பெல்ட் வெறும் கறுப்புக் கோடுதான். இருந்தாலும் கார் இப்போது அவருடைய அறையில், ரேடியோவுக்குப் பக்கத்தில் நிற்கிறது, நானும் திருப்பிக் கேட்கவில்லை.