நிதாகத்தா, மாதக் கட்டணமா? சவூதி வேலைச் சந்தை: ஓர் ஒப்பீடு

சவூதி அரேபியாவில் தனியார் முதலாளி ஒருவர் உள்ளூர்க்காரரை விட்டுவிட்டு வெளிநாட்டுக்காரரை ஏன் எடுக்கிறார்? சம்பளம் குறைவு என்பது பாதிப் பதில்தான். அந்த வெளிநாட்டுக்காரர் நினைத்தபடி வேலையை விட்டுப் போக முடியாது என்பது மீதிப் பாதி. அந்த மீதியைத் தொடாமலேயே அரசு இரண்டு வழிகளைப் பல ஆண்டுகள் முயன்று பார்த்தது.

முதல் வழி, 2011-ல் வந்த நிதாகத். தொழிலையும் ஆள் எண்ணிக்கையையும் வைத்து ஒவ்வொரு நிறுவனத்திலும் இத்தனை சதவீதம் சவூதிகள் இருக்க வேண்டும் என்று கணக்கு. அதற்கேற்ப நிறுவனத்துக்கு ஒரு நிறம்: தேறினால் பச்சை, இன்னும் மேலே போனால் பிளாட்டினம். சிவப்பில் மாட்டினால் புது விசாவும் கிடையாது, இருக்கிற ஆளுக்கு இக்காமா என்னும் தங்கும் அனுமதியின் புதுப்பிப்பும் கிடையாது.

வேலை செய்ததா? செய்தது. பொருளாதார ஆய்வாளர் ஜெனிஃபர் பெக் கணக்குப்படி, முதல் 16 மாதங்களில் சுமார் 63,000 சவூதிகளுக்குக் கூடுதலாக வேலை கிடைத்தது. அதே காலத்தில் சுமார் 11,000 நிறுவனங்கள் மூடப்பட்டதற்கும் இந்தத் திட்டமே காரணம் என்கிறது அதே ஆய்வு. ஒரு கடையை மூடினால் எத்தனை பேர் வேலை போகும் என்று யோசித்தால் இது மலிவான வெற்றி இல்லை.

தலையை எண்ணும் சட்டத்துக்குத் தலையை மட்டும் காட்டினால் போதுமே. பேரேட்டில் ஒரு சவூதி பெயர், மாதாமாதம் ஏதோ ஒரு தொகை, ஆள் வீட்டில். இதைத் தடுக்கத்தான், 4,000 ரியால் சம்பளம் வாங்கினால்தான் முழு ஆள், 3,000-க்கும் 4,000-க்கும் இடையில் என்றால் அரை ஆள் என்று 2021-ல் மாற்றினார்கள். மனிதரை அரையாக எண்ணும் கணக்கு விசித்திரம்தான், ஆனால் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது.

இரண்டாவது வழி, வெளிநாட்டுத் தொழிலாளருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் கட்டணம். 2012 நவம்பரில் தலைக்கு மாதம் 200 ரியால் என்று தொடங்கியது. எண்ணெய் விலை 2014-ல் சரிய ஆரம்பித்து, 2016 ஜனவரியில் பீப்பாய் 30 டாலருக்கும் கீழே போனபின், கஜானாவுக்கும் பணம் தேவைப்பட்டது. 2018-ல் 400, அடுத்த ஆண்டு 600, 2020-ல் 800. சவூதிகளைவிட வெளிநாட்டவர் அதிகமுள்ள நிறுவனங்களுக்கு இந்த விலை. மற்றவர்களுக்கு மாதம் 100 ரியால் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500 ரியால் சம்பளத்தில் ஒரு வெளிநாட்டவர். 800-ஐச் சேர்த்தால் 2,300. அதே வேலைக்கு 4,000-க்கு ஒரு சவூதியை எடுத்தால் சமூகக் காப்பீட்டுக்கு மட்டும் இன்னும் 450-க்கு மேல் ஆகும். இடைவெளி குறைகிறது, மறையவில்லை. ஆனாலும் இரண்டில் எனக்குக் கட்டணமே மேல். உண்மையிலேயே வெளியாள் தேவைப்படுகிற நிறுவனம் பணத்தைக் கட்டிவிட்டு வைத்துக்கொள்ளலாம், தேவையில்லாதவர் விட்டுவிடுவார். நிதாகத்தில் அந்த நெகிழ்வு இல்லை. 2016-ல் செல்பேசி விற்கும், பழுது பார்க்கும் கடைகளில் முழுக்க சவூதிகளே இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜூனில் பாதி, செப்டம்பருக்குள் முழுவதும். சர்க்யூட் போர்டில் சால்டரிங் வைக்கும் கைத்திறன் மூன்று மாதத்தில் வந்துவிடாது.

கட்டணத்தின் கோளாறு வேறு இடத்தில். 2017 ஜூலையில் வெளிநாட்டவரின் குடும்பத்தார் மீதும் தலைக்கு மாதம் 100 ரியால் போட்டு, 2020-ல் 400 ஆக்கினார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் ஆண்டுக்கு 14,400. பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு அறைக்குத் திரும்பினார்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை என்று சவூதிக்குள் சுற்ற வேண்டிய பணம் நின்றது. தொழிற்சாலைகளும் தாங்காததால், அவற்றின் கட்டணத்தை ஐந்து ஆண்டுகளுக்குத் தானே ஏற்பதாக 2019-ல் அரசு சொன்னது. போட்ட கையே எடுத்தது!

சரி, மூன்றாவது வழி? கஃபீல், அதாவது தொழிலாளியின் விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி, வைத்திருக்கும் பிடியைத் தளர்த்துவது. அமீரகம் இதை 2011-லேயே ஓரளவு செய்தது. ஒப்பந்தம் முடிந்தவர் பழைய முதலாளியின் சம்மதமில்லாமல் வேறிடம் போகலாம் என்றதும், அதே இடத்தில் தொடர்ந்தவர்களின் வருமானம்கூட 10 சதவீதத்துக்கு மேல் உயர்ந்ததாக ஆய்வு காட்டியது. கிளம்பிவிடுவாரோ என்ற பயமே சம்பளத்தைக் கூட்டியிருக்கிறது. வெளியாள் விலை இப்படி உயர்ந்தால் உள்ளூர்க்காரருடனான இடைவெளி சுருங்கும். பணமும் கஜானாவுக்குப் போகாமல் உழைத்தவர் கைக்குப் போகும். சவூதியில் இது 2021 மார்ச்சில்தான் வந்தது: ஓராண்டு முடித்தவர் உரிய முன்னறிவிப்புடன் இடம் மாறலாம், ஊருக்குப் போய்வர முதலாளியிடம் கெஞ்ச வேண்டாம்.

2016-ல் 11.6 சதவீதமாக இருந்த சவூதிகளின் வேலையின்மை 2024 கடைசிக் காலாண்டில் 7 சதவீதமானது. இதற்கு யார் காரணம் என்று பிரிப்பது கடினம், எல்லாம் ஒரே காலத்தில் நடந்தவை. ஆனால் மிகப் பெரிய மாற்றம் பெண்களிடம்தான். 30 சதவீதப் பெண்கள் வேலைச் சந்தைக்கு வர வேண்டும் என்பது 2030-க்கு முதலில் வைத்த இலக்கு. பல ஆண்டுகள் முன்னதாகவே தாண்டிவிட்டார்கள். 2018-ல் கார் ஓட்டவும், 2019-ல் ஆண் துணையின் அனுமதியின்றிப் பயணிக்கவும் கிடைத்த உரிமைகளுக்கு அதில் பங்கு உண்டு. அங்கேயும் பூட்டைத் திறந்ததுதான் பலன் தந்திருக்கிறது.

இடம் மாற வழிவிட்ட 2021 மார்ச் மாற்றத்தில் வீட்டுப் பணிப்பெண்களும் வீட்டு ஓட்டுநர்களும் சேர்க்கப்படவில்லை. ஆள் ஓடிவிட்டார் என்று முதலாளி பதியும் 'ஹுரூப்' புகாரும் ஒழியவில்லை. இடம் மாறப்போவதாகச் சொல்லும் தொழிலாளியை மிரட்ட இன்றைக்கும் அந்த ஒரு சொல் போதும்.