பூட் மெனுவோடு குடித்தனம்: விண்டோஸும் மின்ட்டும் ஒரே பெட்டியில்

லாஸ்பேட்டையில் இருக்கும் மச்சான் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பியிருந்தார். "விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. என்னோடது ஆறாம் தலைமுறை ஐ5 பிராசசர், அதுல விண்டோஸ் 11 ஏறாதுங்கறாங்க. உங்க கடையில இருக்கிற மாதிரி கூடவே லினக்ஸையும் போட்டுக்கட்டுமா?" அவருக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டேன். விவரம் வேண்டும் என்பவர்களுக்கு இது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்குச் சின்னதாக ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. பழைய ஃபைல் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற விண்டோஸ் நிரலில், யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்தில் கிடக்கிறது. அதனால் விண்டோஸை விட முடியாது. மற்ற எல்லாவற்றுக்கும் அதே பெட்டியில் லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம். வருஷக்கணக்காக ஓடுகிறது, அதன்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தமிழ்99 விசைப்பலகையில் யூனிகோடு அடிக்கச் சுகமாக இருக்கிறது. கேட்டுவிட்டுத்தான் அப்டேட் போடும். ஷட்டரை இறக்கும் நேரத்தில் "கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்" என்று உட்கார வைக்காது.

என் எரிச்சல் முழுக்க, பவர் பட்டனை அமுக்கிய பிறகு வரும் முதல் சில விநாடிகளில்தான்.

அந்த நேரத்தில் வேலை பார்ப்பது விண்டோஸும் இல்லை, மின்ட்டும் இல்லை. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் யூஇஎஃப்ஐ என்ற ஃபர்ம்வேர். அது தன் சொந்த நினைவகத்தில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: விண்டோஸ் பூட் மேனேஜர், உபுண்டு, நெட்வொர்க் என்று. ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு எண், எது முதலில் என்பதற்குத் தனியாக ஒரு வரிசை. மின்ட் போட்டவர்கள் அங்கே 'உபுண்டு' என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், மின்ட் தன் பூட் ஃபைல்களை அந்தப் பெயருள்ள ஃபோல்டரில்தான் வைக்கும். அது முதலில் இருந்தால் எதில் ஏறலாம் என்று கேட்கும் கிரப் மெனு வரும், அங்கிருந்து இரண்டில் எதற்கும் போகலாம். விண்டோஸ் முதலில் இருந்தால் மெனுவே கிடையாது. மின்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

என் மதர்போர்டு இந்த வரிசையை மதிப்பதே இல்லை (கம்பெனி பெயர் வேண்டாம்). லினக்ஸில் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் மாற்றினால், மாற்றியாயிற்று என்று புது வரிசையைக் காட்டும். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி விண்டோஸ். பயாஸுக்குள் (யூஇஎஃப்ஐயின் செட்டிங் திரைதான்) போய்க் கையால் மேலே ஏற்றி வைத்தாலும், ஒரு பென் டிரைவைச் செருகி எடுத்தால் போச்சு. நியாயமாகப் பார்த்தால் இதில் விண்டோஸையும் திட்ட முடியாது, மின்ட்டையும் திட்ட முடியாது. இரண்டும் தன் பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டு ஒதுங்கிவிடுகின்றன. 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற பெயரைத் தேடிப்பிடித்து முதலில் உட்கார வைக்கும் ஃபர்ம்வேரை எழுதியவரை மட்டும், ஒரு வளர்பிறை முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் என் கடையில் வேலைக்கு விட வேண்டும்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு குறுக்கு வழி. விண்டோஸில் அட்மினாகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிசிடிஎடிட் கட்டளையால் பூட் மேனேஜரின் பாதையை உபுண்டு ஃபோல்டரில் இருக்கும், கிரப்பைக் கூப்பிடும் ஷிம் ஃபைலுக்குத் திருப்பிவிட்டேன். பெயர் விண்டோஸ், உள்ளே போனால் கிரப். கிரப்பிலிருந்து விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் அது விண்டோஸின் பூட் ஃபைலை நேராகக் கூப்பிடுகிறது, அதனால் சுற்றிச் சுற்றி அதே மெனுவுக்கு வருவதில்லை. பெரிய அப்டேட் ஏதாவது வந்தால் பாதை பழையபடி மாறலாம். அந்த ஒரு வரியைப் பிரிண்ட் எடுத்து மானிட்டருக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அப்போது இன்னொரு கூத்து. கரண்ட் வந்து பெட்டியைப் போட்டால் தேதி எங்கோ பழைய வருஷத்தில் நிற்கிறது. பயாஸ் செட்டிங் எல்லாம் புதுப் பெட்டி மாதிரி. பார்க்க வந்தவர், "லினக்ஸ் அழிஞ்சிடுச்சு சார், டிஸ்க்கை ஃபார்மேட் அடிச்சுப் புதுசா போட்டுடலாம்" என்றார். வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் ஆளே இல்லை என்றா அர்த்தம்? டிஸ்க்கில் எல்லாம் அப்படியே இருந்தது. போனது, தேதியையும் செட்டிங்கையும் காக்க மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி மட்டும்தான். அதை மாற்றி, டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே மின்ட்டில் ஏறி, அதிலேயே இருக்கும் பூட் ரிப்பேர் என்ற கருவியை ஓட்டியதும் மெனு வந்துவிட்டது. ஃபார்மேட் என்று யாராவது சொன்னால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

மெனு வந்தாலும் தொல்லை தீர்ந்ததா? காலையில் கடை திறக்கும் பெண் போன் செய்வாள். "அண்ணா, கருப்பு ஸ்கிரீன்ல அஞ்சாறு வரி இங்கிலீஷ்ல வந்து நிக்குது, எதை அமுக்கட்டும்?" அவளைக் குறை சொல்ல முடியாது. அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், மெமரி டெஸ்ட், யூஇஎஃப்ஐ செட்டிங்ஸ் என்று கடைக்கு வேண்டாததெல்லாம் அதில் இருக்கும். இந்தப் பட்டியலில் விண்டோஸைத் தேடிச் சேர்ப்பது ஓஎஸ்-புரோபர் என்ற சின்ன நிரல். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், பாதுகாப்புக் காரணம் சொல்லி அதை இயல்பாகவே அணைத்து வைத்தார்கள். புதிதாக லினக்ஸ் போட்டு "விண்டோஸைக் காணோம்" என்று பதறுபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் விஷயம். நான் வேறு வழியில் போனேன். ஓஎஸ்-புரோபரை ஓடவிடாமல் செய்துவிட்டு, கிரப்பின் 40_கஸ்டம் என்ற ஃபைலில் விண்டோஸுக்கு நானே ஒரு பதிவு எழுதி, ஆங்கில எழுத்தில் 'கடை' என்று பெயர் வைத்தேன். மின்ட்டுக்கு 'வீடு'. கடைசியாக எதில் ஏறினோமோ அதுவே அடுத்த முறையும் தானாக வரும்படி வைத்து, மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் கட்டளையை ஓட்டினேன். அதற்கப்புறம் அவளிடமிருந்து காலை போன் இல்லை. இத்தனை வருஷத்தில் இந்தப் பெட்டியில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் எது என்றால் இந்த இரண்டு சொல் மெனுதான்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக. அதனால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறினால் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கும்; லினக்ஸ் பக்கம் ஒரே கட்டளையில் சரியாகிவிடும். விண்டோஸை முழுதாக அணைய விடாமல் பாதித் தூக்கத்தில் வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணையுங்கள், இல்லாவிட்டால் டி டிரைவில் மின்ட்டால் எழுத முடியாமல் போகும். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, செக்யூர் பூட் (கையெழுத்தைச் சரிபார்த்த பிறகே எதையும் ஏற விடும் யூஇஎஃப்ஐ வசதி) போட்டிருந்த பல பெட்டிகளில் லினக்ஸ் ஏறாமல் நின்றது. நான் செக்யூர் பூட்டை அணைத்தே வைத்திருப்பதால் தப்பித்தேன்.

மச்சானுக்குச் சொன்ன பதில் இதுதான்: ஒரே டிஸ்க்கில் போடாதீர்கள். தனியாக ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு அதில் மின்ட்டைப் போடுங்கள். இரண்டுக்கும் பூட் பகுதி தனித்தனியாக இருக்கும், வேண்டியதை ஆன் செய்யும்போது பயாஸின் பூட் மெனுவில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். "நீங்க மட்டும் ஒண்ணாத்தானே வச்சிருக்கீங்க?" என்று மடக்கினார். நான் வைத்திருக்கிறேன், நீங்கள் வைக்காதீர்கள், அவ்வளவுதான். ஆடி வரட்டும், பத்திரிகை வேலை இருக்காது. அப்போது நானும் ஒரு டிஸ்க் வாங்கலாமா என்று பார்க்கிறேன்.