நத்தம் ரோடா, சிம்மக்கல்லா, தெருமுனை நூலகமா? டீனேஜ் பசங்கள எங்க அனுப்பலாம்

13 வயசு தாண்டுன பிள்ளைக்கு மதுரையில எந்த லைப்ரரி நல்லதுன்னு கேட்டா பட்டுன்னு வர்ற பதில் புது நத்தம் ரோட்டுல இருக்க கலைஞர் நூற்றாண்டு நூலகம்தான். 2023 ஜூலையில திறந்தது, ரெண்டு லட்சம் சதுர அடிக்கு மேல இடம், தரைத்தளத்துக்கு மேல ஆறு மாடி, ஒரு தடவ கூட்டிட்டுப் போனா பிள்ளைங்க வாயப் பொளந்துட்டுப் பாக்கும், அதுல சந்தேகமே இல்ல. இருந்தாலும் என் ஓட்டு வீட்டுப் பக்கத்துல இருக்க கிளை நூலகத்துக்குத்தான்.

ஏன்னா இந்த வயசுப் பிள்ளைங்க வாசிக்கிற நேரமே வேற. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, மொட்டமாடியில, பஸ்ல ஜன்னல் சீட்டு கெடச்சா அங்க, இப்படித்தான் வாசிப்பாங்க. அதனால புக்கு வீட்டுக்கு வரணும், பைக்குள்ள கெடக்கணும். திருப்பரங்குன்றத்துலயோ அவனியாபுரத்துலயோ இருக்க பிள்ள நத்தம் ரோட்டுக்குப் போகணும்னா பஸ் மாறிப் போகணும், கூட ஒரு ஆளும் போகணும், கடைசியில அது லீவுல ஒருநாள் டூர் மாதிரி ஆயிடுது. இன்னொண்ணும் இருக்கு, குழந்தைங்க பகுதிக்குள்ள போனா எல்லாம் பொடிசுங்க, போட்டித் தேர்வுப் பக்கம் போனா பெரிய அண்ணன் அக்காக்கள் மும்முரமா படிச்சுக்கிட்டு இருப்பாங்க, பதினாலு வயசுப் பிள்ள எங்க உக்காரும்? ஆனா ஸ்கூல் ப்ராஜெக்ட், படம் போட்ட பெரிய பெரிய இங்கிலீஷ் சயின்ஸ் புக்கு, இதுக்கெல்லாம் அத அடிச்சுக்க ஆளில்ல, கண்டிப்பா போங்க.

சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம் இது ரெண்டுக்கும் நடுவுல. மெம்பராகி வீட்டுக்கு எடுத்துட்டு வரலாம், தமிழ் நாவல் அலமாரி பெருசு, பெரியார் பஸ் ஸ்டாண்டுலேருந்து கிட்டத்துலதான். மாசம் ஒருதடவ போறதுக்கு நல்ல இடம்.

கிளை நூலகத்துல என்ன குறைன்னா புது புக்கு கம்மி, பாதி அலமாரி கைடும் ஆன்மிகமும்தான். ஆனா பிள்ள நடந்தே போயிட்டு வந்துரும், சின்ன டெபாசிட்தான், நூலகரும் பேரச் சொல்லிக் கூப்புடுற அளவுக்குப் பழகிருவாரு. நம்ம கட்டுற வீட்டு வரியோட நூலக வரியும் சேந்தேதான் போகுது, 1948 சட்டத்துலேருந்து வர்ற ஏற்பாடு அது, அதனால தயங்காம இளையோருக்குன்னு ஒரு தட்டாவது ஒதுக்குங்கன்னு கேளுங்க, கேட்டா செய்யிறவங்க இருக்காங்க. வெள்ளிக்கிழமை லீவுங்கிறத மட்டும் மறந்துராதீங்க.

சரி, எந்த புக்கு? கவர்மெண்டு ஸ்கூல்ல வாசிப்பு இயக்கம் வழியா நுழை, நட, ஓடு, பறன்னு படிப்படியா சின்னச் சின்ன புக்கா குடுக்குறாங்க, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெணறுற பிள்ளைக்கு அது பெரிய வரம், ஏற்கனவே சரளமா படிக்கிற ஒம்பதாம் கிளாஸ் பிள்ளைக்குப் பத்தாது. அவங்களுக்குத் தடிமனான புக்கு குடுக்கப் பயப்படாதீங்க. பொன்னியின் செல்வன் அஞ்சு பாகம், ஆனா 1950-லேருந்து வாராவாரம் பத்திரிகையில தொடரா வந்தது, அடுத்த வாரமும் வாங்க வைக்கணும்னு ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கி போட்டு முடியும், அதனாலயே கீழ வைக்க விடாது. நீதிக்கதைத் தொகுப்பு மட்டும் இந்த வயசுல வேணாம், அத நீட்டுனாலே மூஞ்சி சுருங்கிரும். போன்ல படிக்கணும்னா 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்ச மதுரைத் திட்டம்ங்கிற (Project Madurai) இணையதளத்துல பழைய தமிழ் நூல் நெறைய இலவசமாவே கெடைக்குது, ஆனா நடுவுல ஒரு வாட்ஸப் மெசேஜ் வந்தா வாசிப்பு அதோட போச்சு, எனக்கு அச்சுப் புக்குதான்.

நிகழ்ச்சின்னு வந்தா நவம்பர் 14-லேருந்து 20 வரைக்கும் நூலக வாரம், எல்லா இடத்துலயும் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி. மேடைக் கூச்சம் போகும், சர்டிபிகேட் கெடைக்கும், நல்லதுதான். ஆனா ஜெயிக்கிறது எப்பவும் அதே நாலு பேரு, அவங்களும் வீட்டுல எழுதிக் குடுத்தத மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறாங்க, புக்க யாரும் தொடுறதில்ல. எங்க பக்கத்துக் கிளை நூலகத்துல வாசகர் வட்டத்து ஆளுங்களோட சேந்து ஞாயித்துக்கிழமை ஒண்ணு பண்ணுறோம். ஒருத்தர் ஒரு கதையோட முதல் ரெண்டு பக்கத்த மட்டும் சத்தமா வாசிப்பாங்க, நல்ல எடத்துல டக்குன்னு நிறுத்தி புக்க மேசையில கவுத்து வச்சுருவாங்க. கேள்வி கெடையாது, பரிசு கெடையாது. கடைசி பெஞ்சுல சுவத்துல சாஞ்சு உக்காந்து ஒரு வார்த்த பேசாத பொண்ணு ஒண்ணு, எல்லாரும் டீ பிஸ்கட்டுப் பக்கம் போனதும் மெல்ல வந்து அந்த புக்கத் திருப்பி நின்னுக்கிட்டே மூணு பக்கம் ஓட்டிட்டு, "அக்கா, இது என் கார்டுல போட்டுக் குடுப்பாங்களா"ன்னு கேட்டுச்சு. எந்தப் போட்டியிலயும் இது நடந்து நான் பாத்ததில்ல.

பத்தாவது போனதும் கார்ட வாங்கி பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுற வீடு நெறைய இருக்கு. பூட்டாதீங்க, வாரம் ஒரு புக்க மாசம் ஒண்ணாக் கொறைச்சா போதும்.