கரூர் வெயிலா, நூல் மில் புழுக்கமா?

சித்திரையில் கரூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தொடும். தோலின் வெப்பம் சுமார் 35தான். காற்று அதைவிடச் சூடானால் உடம்பு ஆற மிஞ்சும் வழி வியர்வை மட்டுமே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். வறண்ட காற்றில் அது சட்டென நடக்கும். ஆனால் சட்டை நனையாததால் எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது. தாகம் எடுக்கும் முன்பே உப்புப் போட்ட மோர் குடித்துவிடுவது நல்லது.

நூல் மில்லுக்குள் வெயில் இல்லை, சரி. ஆனால் இழை அறாமலிருக்கக் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டுவதால் உடம்பு ஆறாது, தண்ணீரும் உப்பும்தான் நஷ்டம். என்னைக் கேட்டால் வேப்பமர நிழலோடு கரூர்க் காற்றே மேல். நிழலில்லாத வெட்டவெளி என்றால் மில்லே தேவலை.